பொறுத்துக்க என்னும் சொல்

1

எங்கள் தெருவில் நடக்கும் மாலைப் பள்ளிக்கு ஒரு சிறுமி வந்துகொண்டிருந்தாள். எட்டு வயது. நாலாம் வகுப்பு. வாய் ஓயாத பிள்ளை. நான் கேள்வியை முடிப்பதற்குள் கை தூக்கிவிடுவாள். பதில் தப்பாகப் போனாலும் கூச்சப்பட மாட்டாள், மறுபடியும் தூக்குவாள். ஒருநாள் வந்தவள் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டாள். என்ன என்று கேட்டதற்கு ‘ஒண்ணுமில்லண்ணா’ என்றாள். இரண்டு மூன்று முறை கேட்ட பிறகு சொன்னாள்:

‘டெய்லி நானும் கோடி வீட்டுப் புள்ளையும்தாண்ணா கிளாஸ் கூட்டுறோம். மத்தவங்க யாரும் கூட்டுறதில்ல. ஏன் சார் எங்களை மட்டும் கூட்டச் சொல்றீங்கன்னு கேட்டேன். உங்களுக்குத்தான் அது நல்லா வருதுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க.’

களையெடுத்துவிட்டு வந்து, மகளைக் கூட்டிப்போக வாசலில் நின்றிருந்த அவள் அம்மாவும் இதைக் கேட்டார். ‘அதுக்கென்னாடி இப்ப? வீட்ல கூட்டுறதில்லையா? கூட்டினா கை தேஞ்சா போயிடும்? நாலும் பழகிக்கணும்’ என்றார். நானும் என் பங்குக்குச் சொன்னேன்: ‘இதையெல்லாம் பெருசா எடுத்துக்காதம்மா. பொறுத்துக்க. நல்லாப் படி. அதுதான் அவங்களுக்குப் பதில்.’

அவள் தலையாட்டினாள். நல்ல பிள்ளைகள் எல்லாம் தலையாட்டத்தான் செய்கிறார்கள். பிறகு வந்த மாதங்களில் அவள் கை தூக்குவது குறைந்தது. அப்புறம் நின்றேபோனது. மதிப்பெண் குறையவில்லை. அதனால் நானும் கவனிக்கவில்லை.

இந்தக் கட்டுரை அன்றைக்கு நான் சொன்ன ‘பொறுத்துக்க’ என்ற சொல்லைப் பற்றியது. பிள்ளைகளுக்கு மனவுறுதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதைத் தாங்கி அந்த உறுதி வர வேண்டும், அதைத் தாங்கச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்பதில்தான் சந்தேகம்.

2

குழந்தை வளர்ப்பைப் பற்றி இப்போது வாரப் பத்திரிகைகளிலும் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களிலும் ஒரு பேச்சு அடிபடுகிறது. பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்க்காதீர்கள், அன்றாடம் சின்னச் சின்னச் சவால்களைச் சந்திக்க விடுங்கள், விழுந்தால் அவர்களே எழுந்திருக்கட்டும், தோற்றால் தோற்கட்டும், அப்போதுதான் பெரியவர்களான பிறகு எதையும் தாங்கும் மனம் வரும் என்கிறார்கள். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். பள்ளிக்கூட வாசல்வரை காரில் இறக்கிவிடப்படும் பிள்ளையின் பெற்றோரைப் பார்த்துச் சொல்கிறார்கள். அந்த வீட்டில் கஷ்டத்துக்குப் பஞ்சம். ஆகவே அளந்து அளந்து கொஞ்சம் கொடுக்கச் சொல்கிறார்கள்.

எங்கள் தெருவில் அந்தப் பஞ்சம் கிடையாது. எட்டு வயதுப் பிள்ளை ரேஷன் கடை வரிசையில் அரை நாள் நிற்கிறது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பார்த்துக்கொள்கிறது. குடித்துவிட்டு வரும் அப்பனுக்குக் கதவைத் திறந்துவிடுவதா வேண்டாமா என்று அதுவே முடிவு செய்கிறது. செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ தாய் தகப்பன் போய்விட்ட மாதங்களில் ஆயாவோடு சேர்ந்து குடும்பத்தையே நடத்துகிறது. அந்தப் பிள்ளையிடம் போய் ‘சவாலைச் சந்தி’ என்பது, ஆற்றோடு போய்க்கொண்டிருப்பவனைப் பார்த்து ‘தண்ணீரில் இறங்கிப் பழகு’ என்பது போல.

அப்படியானால் கஷ்டம் என்றாலே தீமையா? அப்படியும் சொல்ல முடியாது. எனக்கு நீச்சல் பழக்கிய விதம் நினைவுக்கு வருகிறது. என் மாமன் இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஏரிக்கரையிலிருந்து தண்ணீருக்குள் தள்ளிவிட்டார். (ஊர்க் கிணறுகளில் எங்களை இறங்க விடமாட்டார்கள், ஏரிதான்.) மூக்கில் தண்ணீர் ஏறி, கண் எரிந்து, செத்தோம் என்றுதான் நினைத்தேன். ‘ரெண்டு வாய் குடிச்சாத்தாண்டா நீச்சல் வரும்’ என்று சிரித்தார். ஆனால் அவரும் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தார். நாலாம் நாள் குடுக்கையை அவிழ்த்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் உடம்பு மறக்கவில்லை.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, ஒரு கஷ்டம் பிள்ளையை வளர்க்குமா உடைக்குமா என்று பார்க்க மூன்று கேள்விகளை நான் வகுத்துக்கொண்டிருக்கிறேன். முதலாவது: அந்தக் கஷ்டத்தைப் பிள்ளை ஒருநாள் ஜெயிக்க முடியுமா? நீச்சலை ஜெயிக்க முடியும். இரண்டாவது: அது எல்லோருக்கும் பொதுவா? ஏரிக்கு வந்த எல்லாப் பையன்களும் தண்ணீர் குடித்தார்கள். மூன்றாவது: ‘போதும் மாமா’ என்று கத்தினால் கேட்டுத் தூக்கிவிட ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறாரா?

இப்போது அந்தத் துடைப்பத்தைப் பாருங்கள். அந்தப் பிள்ளை வீட்டில் கூட்டுகிறாள். எங்கள் மாலைப் பள்ளியிலும் முறை வைத்துக் கூட்டுகிறாள். தன் முறை வந்தால் மற்ற பிள்ளைகளோடு போட்டி போட்டுக்கொண்டு செய்கிறாள். வகுப்பறையில் அவள் கையில் இருந்ததும் அதே துடைப்பம்தான், குனிந்ததும் அதே முதுகுதான். ஆனால் அங்கே அவள் எவ்வளவு நன்றாகக் கூட்டினாலும் ஜெயிக்க முடியாது. நன்றாகக் கூட்டக் கூட்ட ‘உனக்குத்தான் இது வரும்’ என்பதுதான் உறுதியாகும். அது எல்லோருக்கும் பொதுவல்ல. இரண்டே பேருக்கு, அதுவும் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்துக் கொடுத்தது. ஏன் என்று கேட்டபோது பக்கத்தில் நிற்க ஆள் இல்லை, சிரிப்புதான் இருந்தது. மூன்று கேள்விக்கும் பதில் ‘இல்லை’. அதை உழைப்பு என்றோ சவால் என்றோ பெயர் சொல்லி அழைக்கக்கூடாது. அது முத்திரை குத்துவது.

உழைப்பில் என்ன இழிவு இருக்கிறது என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி புதிதல்ல. 1936-இல் காந்தி தமது ‘ஹரிஜன்’ இதழில் இலட்சியத் தோட்டி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். அடுத்த ஆண்டு வார்தாவில் கைத்தொழில் வழிக் கல்வியை முன்வைத்தார். எல்லாப் பிள்ளையும் கையால் உழைக்க வேண்டும் என்பது நல்ல கருத்துதான். ஆனால் தோட்டி வேலையின் மேன்மையைத் தோட்டி வீட்டுப் பிள்ளைக்கே எடுத்துச் சொல்வதில் என்ன இருக்கிறது? அக்கிரகாரத்துப் பிள்ளைக்கு ஒரு துடைப்பமும் சேரிப் பிள்ளைக்கு ஒரு நாற்காலியும் கொடுத்துவிட்டு அந்த மேன்மையைப் பேசியிருந்தால் நம்பியிருப்போம்.

3

எங்கள் கூட்டங்களில் பிள்ளைகளுக்குத் தலைவர்களின் கதை சொல்வது வழக்கம். ‘பாபாசாகேப் கோணிமேல உக்காந்து படிச்சாரு. நீ ஃபேன் இல்லன்னு அழுவுறியே’ என்று நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இந்தக் கதையை நாம் சொல்லும் விதத்தில் ஒரு தவறு இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

அம்பேத்கர் வகுப்பில் தனியாகக் கோணித்துணி விரித்து உட்கார்ந்தார். மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். பள்ளியைக் கூட்டுபவர்கூட அதைத் தொடமாட்டார். பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும். 1901-இல், ஒன்பது வயதில், அண்ணனோடும் அக்காள் மகன்களோடும் தந்தையைப் பார்க்கக் கோரேகாவுக்குப் புறப்பட்டார். மசூர் ரயில் நிலையத்தில் இவர்கள் மகார் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றவில்லை. இரட்டை வாடகை கொடுத்து, பிள்ளைகளே வண்டி ஓட்ட, வண்டிக்காரர் கூட நடந்துவருவது என்று ஏற்பாடானது. கையில் சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை. ஆகவே சாப்பிட முடியாமல் அந்த இரவைக் கழித்தார்கள்.

இந்த நிகழ்ச்சியை அவர் 1930களின் நடுவில் எழுதிவைத்தார். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற அந்தச் சிறு நூல் 1990-இல்தான் தனியாக அச்சானது. அதைப் படிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். இந்தத் தாகம் என்னைப் பலசாலி ஆக்கியது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தீண்டாமை என்றால் என்னவென்று அறியாதவர்களுக்கு, நடந்தது இது என்று சாட்சி சொல்கிறார். காயத்தைப் பதக்கமாகக் குத்திக்கொள்ளவில்லை. சான்றாக மேசைமேல் வைத்தார். நாம்தான் அதை எடுத்துப் பதக்கமாக்கிப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம்.

அவரைத் தூக்கி நிறுத்தியது கோணித்துணி அல்ல. மகன் கேட்ட புத்தகத்துக்காக, மணமாகிப்போன மகள்களிடம் கடன் வாங்கியும் அவர்களுடைய நகையை அடகு வைத்தும் பணம் தேடிய ராம்ஜி என்ற தகப்பன் இருந்தார். 1907-இல் மெட்ரிக் தேறியபோது, தாம் எழுதிய புத்தர் வரலாற்றைக் கையில் கொடுத்த கேளுஸ்கர் என்ற ஆசிரியர் இருந்தார். 1913-இல் கொலம்பியாவுக்கு அனுப்பிய பரோடா உதவித்தொகை இருந்தது. தாங்கினார் என்கிறோம், அவரைத் தாங்கியவர்களைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

நம் மண்ணிலிருந்தும் ஒரு சாட்சியம் உண்டு. இரட்டைமலை சீனிவாசன் 1939-இல் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் தம் கோயம்புத்தூர்ப் படிப்பைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருக்கிறார். தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிட்டால் தாழ்வாக நடத்துவார்கள் என்று பயந்து மற்ற மாணவர்களோடு சேராமல் இருந்தார். மணி அடிக்கும்வரை வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, அடித்த பிறகு வகுப்புக்குள் போவார். வகுப்பு முடிந்ததும் யாரும் பின்தொடராதபடி விரைந்து வீட்டுக்கு நடப்பார். பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாமல் போனது அவருக்குக் கொடுமையாக இருந்தது.

வட்டமேசை மாநாட்டுக்குப் போன மனிதர் அவர். எண்பது வயதை நெருங்கும்போது வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கையில், பள்ளிப் பருவத்தில் விளையாட முடியாமல் போனதை எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தாங்கினார்தான், தாங்கி மேலே வந்தார்தான். அதற்குக் கொடுத்த விலை ஒரு பையனின் விளையாட்டு. அந்த விலையைச் சொல்லாமல் உறுதியை மட்டும் புகழ்ந்தால், கதையில் பாதியை மறைத்தவர்கள் ஆவோம்.

4

துன்பத்திலும் தேறிவரும் பிள்ளைகளைப் பற்றி உலகம் அதிகமாக மேற்கோள் காட்டும் ஆய்வு ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாய் தீவில் நடந்தது. எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1955-இல் அந்தத் தீவில் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயது வரைக்கும் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடி, குடும்பச் சண்டை, தாய் தகப்பனின் மனநோய் என்று பல சுமைகள் ஒருசேர விழுந்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்தார்கள். ஏன் என்று பார்த்தபோது திரும்பத் திரும்பத் தென்பட்ட காரணம், அந்தப் பிள்ளையின்மீது மாறாத அக்கறை கொண்ட ஒரு ஆளாவது இருந்தார் என்பது. பாட்டியாக இருக்கலாம், அண்டை வீட்டாராக இருக்கலாம், ஆசிரியராக இருக்கலாம். சிறுவயதில் வழிதவறியவர்களிலும் பலர் பின்னால் தேறினார்கள். படிக்க, தொழில் பழக, இரண்டாவது வாய்ப்பு ஒன்று கிடைத்தபோது தேறினார்கள்.

இந்த ஆய்வை மேடையில் சொல்பவர்கள் அந்த ஒரு பங்கைச் சொல்கிறார்கள். மிச்சம் இரண்டு பங்கு என்று ஒன்று இருக்கிறது. சுமை அதிகமானால் பெரும்பாலான பிள்ளைகள் வளையத்தான் செய்வார்கள். அது அவர்கள் குற்றமல்ல. தேறியவர்களும் சுமையால் தேறவில்லை. சுமையைப் பங்குபோட்டுக்கொள்ள ஆள் கிடைத்ததால் தேறினார்கள்.

இதைப் புரிந்துகொள்ளாமல் மனவுறுதி பேசினால் ஒரு விபரீதம் நடக்கும். அடித்தவனை விட்டுவிட்டு, அடி தாங்காதவனிடம் போய் ‘உனக்கு ஏன் உறுதி போதவில்லை’ என்று கேட்கத் தொடங்குவோம். 2016 ஜனவரி 17-இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலா தற்கொலை செய்துகொண்டார். அதற்கு முன் அவரும் மற்ற நான்கு தலித் மாணவர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு வெட்டவெளியில் படுத்திருந்தார்கள். பிறகு அமைக்கப்பட்ட விசாரணை ஆணையமோ, சாவுக்குக் காரணம் அவருடைய சொந்த விரக்திதான் என்று எழுதியது. ஒரு சமூகம் இழைத்த காயம் ஒரு ஆளின் மனக்குறையாக மாறுவது இப்படித்தான். நான் அந்தச் சிறுமியிடம் ‘பொறுத்துக்க’ என்றபோது, அளவில் சிறியதாக இருந்தாலும், அதே வேலையைத்தான் செய்தேன். தவறை வகுப்பறையிலிருந்து எடுத்து அவள் மனசுக்குள் வைத்தேன். இனி அவள் அழுதால் அது அவளுடைய பலவீனம்.

5

அவள் அம்மாவை நான் குறை சொல்லவில்லை. நம் தாய்மார்கள் ‘பொறுத்துப் போ’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எதிர்த்துப் பேசியதற்காகக் குடிசை கொளுத்தப்பட்டதையும் கூலி நிறுத்தப்பட்டதையும் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். என் ஆயா சொல்லும்: ‘வாயைத் தொறந்தா வயிறு போயிடும்டா. வயிறு போனாலும் பரவால்ல, உசுரு போயிடும்.’ இது கோழைத்தனமல்ல. உயிரைக் காத்து அடுத்த தலைமுறையிடம் ஒப்படைத்த தந்திரம். நாம் இன்றைக்கு உட்கார்ந்து கட்டுரை எழுதுகிறோம் என்றால் அவர்கள் அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு போனதும் ஒரு காரணம்.

அந்தப் பயம் பழங்கதையாகிவிடவும் இல்லை. 1995-இல் சேலம் மாவட்டம் கட்டிநாயக்கன்பட்டியில், ஆதிக்கச் சாதிப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பானையிலிருந்து தண்ணீர் குடித்ததற்காக ஆசிரியர் அடித்ததில் ஒரு தலித் சிறுமி ஒரு கண்ணின் பார்வையை இழந்தாள். 2023 ஆகஸ்ட் 9-இல் நாங்குநேரியில், உடன் படித்த மாணவர்களின் சாதித் தொல்லையைப் பள்ளியில் சொன்னதற்காக ஒரு மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்த மாணவர் அதுவரை தாங்கிக்கொண்டுதான் இருந்தார். பள்ளிக்கூடம் போகாமல் நின்றபோது ஏன் என்று கேட்டார்கள், சொன்னார். சொன்னதற்கு அரிவாள் வந்தது. ஆகவே ‘பொறுக்காதே, கேள்’ என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு நாம் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாது. அதுவும் ஒரு துரோகம்.

அடுத்த ஆண்டு அந்த மாணவர் 12ஆம் வகுப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்துத் தேறினார். செய்தி வந்த நாளில் எங்கள் தெருவில் மிட்டாய் கொடுத்தோம். ‘பாருங்கடா, வெட்டுப்பட்ட கையோட பரீட்சை எழுதி ஜெயிச்சிருக்கான்’ என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அவருடைய உறுதிக்குத் தலைவணங்குகிறேன். அது அவருக்குச் சொந்தமானது. ஆனால் அன்று இரவு படுத்தபோது உறுத்தியது. ஒரு பிள்ளை பரீட்சையில் தேற அரிவாளையும் தேறி வர வேண்டியிருக்கும் நாட்டில், அந்தப் பிள்ளையைக் கைதட்டிப் பாராட்டுவது எவ்வளவு சுலபம்! பாராட்டு முழுவதும் அவருக்கு என்றால் வெட்கம் முழுவதும் நமக்கு அல்லவா?

ஆகவே நான் ஒரு வேறுபாட்டைச் செய்துகொள்கிறேன். ‘இப்போதைக்குத் தாங்கு, நாங்கள் வருகிறோம்’ என்பது ஒன்று. ‘தாங்குபவள்தான் நல்ல பிள்ளை’ என்பது வேறு. முதலாவது தந்திரம், அதற்குக் கெடு உண்டு, அதைச் சொல்கிறவனுக்குக் கடமையும் உண்டு. இரண்டாவது ஒழுக்கம் என்ற பெயரில் வருகிறது. அதற்குக் கெடு கிடையாது, சொல்கிறவனுக்கு வேலையும் கிடையாது. ஆயாக்கள் சொன்னது முதலாவது. படித்துவிட்டு வந்த நாம், எப்படியோ, அதை இரண்டாவதாக மாற்றிவிட்டோம்.

6

அப்படியானால் பிள்ளைகளை எப்படித்தான் உறுதியாக வளர்ப்பது? எங்கள் மாலைப் பள்ளியில் செய்து பார்த்தவற்றிலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில், எந்தப் பிள்ளை வந்து எதைச் சொன்னாலும் ‘உன்மேல தப்பில்ல’ என்ற சொல்லை முதலில் சொல்லிவிடுவது. சின்ன விஷயம்தான். ஆனால் அவமானப்பட்ட பிள்ளை வீட்டுக்கு வரும்போது கேள்வியோடு வருவதில்லை. ‘நம்மகிட்டதான் ஏதோ கோளாறு’ என்ற முடிவோடு வருகிறது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் மிட்டாய் வாங்கப்போன பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள், உங்கள் தெருவுக்குப் பண்டம் கொடுக்கமாட்டோம் என்று கடைக்காரர் சொன்ன காட்சியைப் பலரும் பார்த்திருப்பீர்கள். வழக்குப் பதிவாகி, கைது நடந்து, கடைக்கும் சீல் வைத்தார்கள். சட்டம் அந்த அளவுக்கு வேலை செய்தது. ஆனால் கையில் காசோடு நின்ற அந்தப் பிள்ளைகளின் முகத்தில் இருந்த குழப்பத்துக்கு அன்று மாலையே யாராவது பதில் சொல்லியிருக்க வேண்டும். சட்டம் அதைச் செய்யாது. நாம்தான் செய்ய வேண்டும்.

இரண்டாவது, ஜெயிக்கக்கூடிய கஷ்டங்களைத் தேடிக் கொடுப்பது. நம் பிள்ளைகளுக்குச் சுமை ஏராளம். ஜெயித்த அனுபவம் குறைவு. எங்கள் பள்ளியின் வரவு செலவுக் கணக்கைப் பத்து வயதுப் பிள்ளைகள்தான் எழுதுகிறார்கள். முதல் மாதம் முப்பது ரூபாய் உதைத்தது. நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு அவர்களே பிடித்தார்கள்: சாக்பீஸ் வாங்கியதை இரண்டு முறை எழுதியிருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் நடந்த நடையே வேறு. பேருந்தில் தனியாகப் போய் நூலகத்தில் புத்தகம் மாற்றி வருவது, தபால் நிலையத்தில் படிவம் நிரப்புவது, கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை பேசுவது. எல்லாமே பயம் தரும் வேலைகள்தான். ஆனால் முடியும் வேலைகள். கூடவே ஒரு அண்ணனோ அக்காவோ பத்தடி தள்ளி நிற்பார்கள்.

பறையும் அப்படித்தான். எங்கள் பெரியப்பாமார்கள் ஊர்ச் சாவுக்கு அடித்தார்கள், அடிக்காவிட்டால் உதை. அந்தப் பறையைக் கையால் தொடமாட்டேன் என்று என் தலைமுறையில் சிலர் கிழித்துப் போட்டார்கள். அதில் நியாயம் இருந்தது. இன்றைக்கு எங்கள் பிள்ளைகள், பெண் பிள்ளைகளும், தாங்களாக விரும்பிப் பழகுகிறார்கள். கை கொப்பளிக்கிறது, தோள் கன்றிப் போகிறது, விடுவதில்லை. எந்தச் சாவு வீட்டுக்கும் கூலிக்குப் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டுப் பழகுகிறார்கள். மாட்டேன் என்று சொல்ல முடிகிறபோதுதான் கஷ்டப்படுவதில் ஒரு பெருமை வருகிறது.

மூன்றாவது, பட்டதைச் சொல்லவும் எழுதவும் பழக்குவது. 1855-இல், பூனாவில் சாவித்திரிபாய் ஃபுலேயும் ஜோதிராவும் நடத்திய பள்ளியில் படித்த முக்தா சால்வே என்ற பதினான்கு வயது மாங் பெண், மாங்குகளும் மகார்களும் படும் துயரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். ‘ஞானோதயா’ இதழில் அது அச்சானது. வேதம் படிக்க உரிமை இல்லாத எங்களுக்கு மதம் எது என்று அதில் கேட்டாள். படிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதற்குள் அவள் கையில் கேள்வி வந்துவிட்டது. ஏன் வந்தது? அவளுடைய ஆசிரியை தானே தெருவில் சாணியடியும் கல்லடியும் வாங்கிக்கொண்டு, மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தவர். பொறுத்துக்கொள் என்று தூரத்தில் நின்று சொல்பவர் அல்ல. கூடவே அடி வாங்கியவர். அப்படிப்பட்டவர் கொடுத்த துணிச்சல் அது.

நான்காவதுதான் கடினமானது, ஏனென்றால் அது பெரியவர்களுக்கான சவால். பிள்ளை சொன்னதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்பது. தனியாக அல்ல, கூட்டாக. அரிவாள் உள்ள ஊரில் பிள்ளையின் கேள்வியைப் பிள்ளையே சுமந்து போகக்கூடாது. நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதி வண்ணக் கயிறு கட்டக்கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக்கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. அறிக்கை தானாக நடந்து ஒவ்வொரு வகுப்பறைக்கும் போகாது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் போய் நிற்பது பெற்றோர்களின் வேலை, இயக்கங்களின் வேலை.

7

கடைசியில் நாங்களும் போனோம். அந்தச் சிறுமி சொல்லி ஏழெட்டு மாதம் கழித்து. வேறொரு பையனைக் கழிவறைக்குத் தண்ணீர் தூக்கச் சொன்ன செய்தி வந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஆறு தாய்மார்கள், இரண்டு தகப்பன்கள், நான். அவள் அம்மாதான் முதலில் பேசினார். ‘எம்பொண்ணு கூட்டமாட்டான்னு சொல்ல வரல சார். எல்லாப் புள்ளைங்களும் கூட்டினா எம்பொண்ணும் கூட்டுவா. ஒரு சீட்டு எழுதி ஒட்டிடுங்க, யாரு என்னிக்குன்னு.’ கையெழுத்துப் போடத் தெரியாத அந்த அம்மாவுக்கு, எழுதி ஒட்டினால் மாற்ற முடியாது என்பது தெரிந்திருந்தது. அன்று அவர் குரல் நடுங்கியது. அடுத்த நாள் கூலி என்ன ஆகுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. முகம் சுளித்தார்கள். வாக்குவாதம் நடந்தது. சீட்டு ஒட்டினார்கள். இப்போதும் சில வாரம் நடக்கிறது, சில வாரம் நடப்பதில்லை. நடக்காத வாரம் மறுபடி போகிறோம்.

அவள் இப்போது எட்டாம் வகுப்பு. நன்றாகப் படிக்கிறாள். கேட்டால் பதில் சொல்கிறாள். தானாகக் கை தூக்குவது இன்னும் அரிதாகத்தான் இருக்கிறது. போன மாதம் ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன், ‘முன்னாடியெல்லாம் முந்திக்கிட்டுக் கை தூக்குவியே, ஏம்மா விட்டுட்ட?’

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்: ‘அவங்க சிரிச்சது கூட ஒண்ணும் இல்லண்ணா. நீங்க கேட்டுட்டு, வந்து கேப்பீங்கன்னு நெனச்சேன். நீங்களும் பொறுத்துக்கன்னு சொல்லிட்டீங்க.’

என்னிடம் பதில் இல்லை. தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். தலையாட்டினாள். அந்த வாரக் கணக்கு நோட்டை அவளிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். இப்போது எந்தப் பிள்ளையாவது மூலையில் போய் உட்கார்ந்தால், என்ன நடந்தது என்று கேட்டு முடித்ததும் அடுத்த கேள்வியைக் கேட்கிறேன்: ‘நாளைக்குக் காலைல யாரெல்லாம் வரணும்?’